நாலு சுண்டு அரிசிக்கு எட்டுச் சுண்டு தண்ணீர், ஏன் களியாகிறது?

18 பெப்ரவரி 2024, காலை. கேள்வி

ஒரு சுண்டு சம்பாவுக்கு இரண்டு சுண்டு தண்ணீர் வைத்தால் எனக்கு நெடுக நன்றாகத்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், நாலு சுண்டு போட்டு எட்டுச் சுண்டு தண்ணீர் வைத்தேன். மேலே சோறு, நடுவிலே களி, அடியிலே கரி. அதே அரிசி, அதே காஸ் அடுப்பு. வெள்ளைச் சோறு உதிரியாக வருவதற்குச் சரியான கணக்கு ஒன்று இருக்கிறதா இல்லையா?

18 பெப்ரவரி, மத்தியானம்

கணக்குக் கிடையாது. வடியுங்கள்.

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கட்டும், கழுவின அரிசியைப் போடுங்கள், பதம் பார்த்துக் கஞ்சியை வடியுங்கள். எங்கள் பக்கத்தில் எந்த அம்மம்மாவும் உலைத் தண்ணீரை அளந்து நான் பார்த்ததில்லை. அரிசிக்கு மேலே தாராளமாக நின்றால் சரி.

18 பெப்ரவரி, இரவு

மத்தியானம் எழுதினதைத் திரும்ப வாசித்தேன். தம்பி கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. ஒரு சுண்டுக்கு வருவது நாலு சுண்டுக்கு ஏன் வரவில்லை என்பது கேள்வி. "வடி" என்றால் அது பதில் இல்லை, தட்டிக்கழிப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. நானும் ஒன்றுக்கு இரண்டு என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆட்கள் கூட வந்தால் வடித்துவிடுவேன், அதனால் இவ்வளவு காலமும் மாட்டுப்படவில்லை.

பிறகு எழுதியிருக்கிறார், வெள்ளவத்தையில் மாடி வீடாம், வடிக்கப் பயமாம், ஒரு முறை மூடி வழுக்கி முழுச் சோறும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போய்விட்டதாம். பயம் நியாயமானது. என் இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் தழும்பு இருக்கிறது. 2019 இல் அம்மாவின் முழங்கால் சண்டித்தனம் பண்ணத் தொடங்கி, குசினி என் கைக்கு வந்த முதல் மாதத்தில் வாங்கியது.

19 பெப்ரவரி

வடிக்கிற விதத்தை எழுதச் சொல்கிறார்கள். சரி.

கழுத்து ஒடுங்கின பானை வேண்டும். அகலச் சட்டியில் மூடி நிற்காது. ஒரு சுண்டு அரிசிக்கு ஏழெட்டுச் சுண்டு தண்ணீர், தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசி. போட்டவுடன் அகப்பைக் காம்பால் ஒரு தரம் அடியைக் கிளறி விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பிடி அரிசி அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதற்குப் பிறகு கிளறக் கூடாது. கிளறக் கிளற மணி உடையும், உடைந்த இடத்தால் மா கரைந்து பசையாகும். நுரை பொங்கி வரும்போது மூடியை அரைவாசி விலக்கி விட்டால் போதும்.

நாட்டரிசி இருபது நிமிடத்தைத் தாண்டும். வெள்ளைப் பச்சையரிசி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அது நின்று கதைக்க நேரம் தராத அரிசி. ஆனால் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம், மணியைப் பாருங்கள். அகப்பையில் நாலு மணி எடுத்து, ஊதி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நசுக்குங்கள். நடுவில் மாவெள்ளையாக இரண்டு மூன்று புள்ளி தெரிந்தால் பொறுங்கள். ஊசிமுனை அளவில் ஒரே ஒரு புள்ளி நின்றால் அதுதான் இறக்குகிற நேரம், அந்த ஊசிமுனையை மிச்சச் சூடு பார்த்துக்கொள்ளும். புள்ளியே இல்லையென்றால் பிந்திவிட்டீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிவிட்டு அம்மா ஒன்றைத்தான் நசுக்குவார். எனக்கு இன்னும் நாலு வேண்டியிருக்கிறது.

இனி வடிப்பு. மூடியைப் போட்டு, பழைய சாரத் துணியால் மூடியையும் பானை விளிம்பையும் சேர்த்துப் பிடித்துச் சரித்து *வைக்க* வேண்டும். கையில் ஏந்திக்கொண்டு நிற்கக் கூடாது, நான் நின்றேன், தழும்பு அதனால் வந்தது. கீழே ஒரு சட்டி, சட்டி விளிம்பில் பானையின் கழுத்து, பின்பக்கம் முண்டு கொடுக்க ஒரு திருகணி, பானை இருத்துகிற வளையம். கஞ்சி தானாக வடியும், நீங்கள் போய்ச் சொதியைப் பாருங்கள். நூலாக ஓடினது சொட்டாக மாறினதும் நிமிர்த்தி, ஒரு குலுக்குக் குலுக்கி, ஆகச் சின்ன நெருப்பில் மூன்று நிமிடம். பிறகு நெருப்பை நிறுத்திப் பத்து நிமிடம் மூடியைத் தொடாதீர்கள்.

மாடி வீட்டில் முண்டு கொடுக்க இடமில்லையென்றால் பெரிய வடிதட்டில் கொட்டுங்கள். எங்கள் அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

21 பெப்ரவரி

கஞ்சியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: குடிக்கிறோம். உப்பு, இரண்டு சின்ன வெங்காயம் வெட்டிப் போட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளி, இருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பால். காய்ச்சல்காரனுக்கும் அதுதான், வெயிலில் இருந்து வந்தவனுக்கும் அதுதான். முந்தி பருத்திச் சேலைக்கும் போகும்.

வடித்தால் சத்துப் போய்விடும் என்பது பொய்யில்லை. விற்றமின் பி1 தண்ணீரில் கரைகிற சாமான், தீட்டின வெள்ளை அரிசியில் அது முதலே குறைவு. புழுங்கலில் கதை வேறு, நெல்லோடு அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் பக்கத்தில் இருந்த சத்தில் ஒரு பங்கு மணிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே வடிக்கிற வீட்டில் கஞ்சியைக் குடிப்பது சிக்கனம் மட்டும் இல்லை.

24 பெப்ரவரி

தராசு எடுத்தேன். மருமகள் கேக் அடிக்க வாங்கி வைத்த தராசு, அவளுக்கு இன்னும் தெரியாது.

முதலில் சுண்டு என்றால் என்ன என்று சொல்லவேண்டும், ஏனென்றால் ஒருவர் சுண்டு என்றால் தேத்தண்ணிக் கோப்பை என்று நினைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வந்தார். எங்கள் வீட்டில் சுண்டு என்பது ரின்பால் பேணி. நாலு சுண்டு ஒரு கொத்து. என் பேணியின் விளிம்பு நெளிந்து அடி துருப்பிடித்திருக்கிறது, ஆனால் அளவு மாறவில்லை: தலை தட்டினால் சம்பா 255 கிராம் பிடிக்கிறது, தண்ணீர் 300 கிராம்.

நேற்று முன்தினம் ஒரு சுண்டு அரிசி, இரண்டு சுண்டு தண்ணீர். பானை நீங்கலாக 855 கிராம். கொதித்ததும் மூடி, தீயைக் குறைத்து, வற்றினதும் இறக்கி நிறுத்தேன், 735. அப்படியென்றால் 120 கிராம் தண்ணீர் ஆவியாகிக் கூரைக்குப் போய்விட்டது, அரிசி குடித்தது 480. சுண்டுக் கணக்கில் 1.6. சோறு வடிவாக இருந்தது, தொட்டால் உதிர்ந்தது.

நேற்று மூன்று சுண்டு அரிசி, ஆறு சுண்டு தண்ணீர், அதே பானை, அதே மூடி. 2,565 கிராம். இறக்கும்போது 2,415. போனது 150 கிராம் மட்டும்! நான் இரண்டு தரம் நிறுத்தேன். அம்மா பசியோடு குசினி வாசலில் நின்று, "சோத்தை நிறுக்கிறதை விட்டிட்டுப் போடு" என்றார்.

அரிசி மூன்று மடங்கானது, ஆவி மூன்று மடங்காகவில்லை. யோசித்தால் ஏன் ஆகவேண்டும்? ஆவி போவது பானையின் வாயாலும் மூடி இடுக்காலும், அடுப்பில் நிற்கிற நேரத்தாலும். உள்ளே ஒரு சுண்டு கிடக்கிறதா மூன்று கிடக்கிறதா என்பது மூடிக்குத் தெரியாது. மிச்சம் 1,650 கிராம் தண்ணீரும் அரிசியின் தலையில்தான் விழுந்தது, சுண்டுக்கு 1.8 ஐத் தாண்டிவிட்டது. சாப்பிடலாம், ஆனால் அகப்பையில் இருந்து கட்டியாக விழுந்தது.

ஆகவே தம்பிக்கு: அரிசியின் பங்கு வேறு, பானையின் பங்கு வேறு. அரிசிக்கு ஒவ்வொரு சுண்டுக்கும் 1.6. பானைக்கு அரைச் சுண்டு, அது எத்தனை சுண்டு அரிசி போட்டாலும் கிட்டத்தட்ட அதேதான். நாலு சுண்டுக்கு 6.4, பானைக்கு அரை, ஏழு என்று வையுங்கள். நீங்கள் வைத்தது எட்டு. ஒரு முழுப் பேணித் தண்ணீர் போக வழியில்லாமல் உங்கள் விருந்தாளிகளின் சோற்றுக்குள் இருந்திருக்கிறது.

முதல் நாள் "கணக்குக் கிடையாது" என்று எழுதினவன் நான்தான். கணக்கு இருக்கிறது.

25 பெப்ரவரி

நேற்றையதில் ஒரு திருத்தம். அந்த 1.6 என் சம்பாவுக்கு, அந்த அரை என் மூடிக்கு. உங்கள் பானைக்கு இறுக்கமான கண்ணாடி மூடி என்றால் கால் சுண்டுகூடப் போகாது. ஊறவைத்த அரிசி என்றால் அது முதலே கொஞ்சம் குடித்திருக்கும், அதையும் கழிக்கவேண்டும். இலக்கத்தைப் பாடமாக்காமல் ஒரு தரம் நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

அடியில் கரி ஏன் என்றும் கேட்டிருந்தார், நான் கவனிக்கவில்லை. தண்ணீர் கூடின பானையில் எப்படி அடிப்பிடிக்கும் என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. மா கரைந்து கூழாகி அடியில் படிந்திருக்கும், கூழ் தண்ணீர் மாதிரிப் புரளாது, இருந்த இடத்திலேயே இருந்து கருகும். மெல்லிய அலுமினியம், பெரிய நெருப்பு. தடித்த அடி, கொதி வந்ததும் சின்ன நெருப்பு, வேறு மருந்து இல்லை.

27 பெப்ரவரி

தம்பி ஏழு வைத்துப் பார்த்தாராம். "முன்னையதைவிட நல்லம், ஆனாலும் ஒட்டுது" என்று எழுதியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் முகம் கறுத்துவிட்டது. தராசு பொய் சொல்லாது.

2 மார்ச்

தராசு பொய் சொல்லவில்லை, தம்பி சொன்னார். வேண்டுமென்று இல்லை.

"அதே அரிசி" என்று முதல் நாள் எழுதினாரே, அதை நான் அப்படியே விழுங்கிவிட்டேன். நேற்று விசாரித்தேன். ஒரு சுண்டு ஒரு சுண்டாக அவர் காய்ச்சிக்கொண்டிருந்தது போன வருடம் வாங்கின பையில் மிச்சம் இருந்தது. ஆட்கள் வந்த அன்று அது போதாமல், மாமா கிளிநொச்சியிலிருந்து அனுப்பின புதுப் பையை அவிழ்த்திருக்கிறார். இரண்டும் சம்பா, இரண்டும் வெள்ளை, ஆகவே அவருக்கு அதே அரிசி. மாசி மாதம் கிளிநொச்சியிலிருந்து வருவது என்ன அரிசி? இப்போது வெட்டின காலபோக நெல்லு! களத்தில் இருந்து மில்லுக்கு, மில்லில் இருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸில் இருந்து வெள்ளவத்தைக்கு.

புது அரிசி குழையும். இது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், பொங்கலுக்குப் புது அரிசி தேடுவதே அதற்காகத்தான், புக்கை குழையவேண்டும். நெல்லோ அரிசியோ மாதக்கணக்கில் கிடக்கக் கிடக்க மணி இறுகும், அவிக்கும்போது மா வெளியே கரைவது குறையும், தண்ணீரைக் கூடக் குடித்துவிட்டும் மணி மணியாக நிற்கும். பாஸ்மதியைப் பழசாக்கி விற்பதும் அதனால்தான்.

ஆக, ஒரு பேணித் தண்ணீர் கூடினது ஒன்று, புது அரிசி என்பது இன்னொன்று, இரண்டும் சேர்ந்துதான் அந்த வெள்ளிக்கிழமைக் களி. இதைக் கேட்காமல் நான் இரண்டு நாள் தராசோடு நின்றேன். அரிசி எப்போது வாங்கினது, எங்கே வாங்கினது என்று முதல் கேள்வியாகக் கேட்டிருக்கவேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "மாசிப் பிறப்புக்குப் பிறகு வந்த அரிசிக்கு ஆர் ரெண்டு வைப்பினம்?" என்றார். பதினைந்து நாளாக இந்தக் கதை வீட்டில் நடக்கிறது, அப்போதெல்லாம் வாய் திறக்கவில்லை.

புது அரிசிக்கு என்ன செய்வது: சுண்டுக்கு 1.3 அளவில் தொடங்குங்கள். அல்லது வடியுங்கள். வடிக்கிறவனுக்குப் புதுசும் பழசும் ஒன்றுதான், பதம் முந்தும் பிந்தும், அவ்வளவே.

3 மார்ச்

பழைய அரிசி என்று சொல்லிப் புதுசைத் தலையில் கட்டின கடைக்காரர் எனக்கும் உண்டு, ஊர் பேர் சொல்லமாட்டேன். இப்போது நான் கடையில் இரண்டு மணியைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பேன். பழசு டக்கென்று உடையும். புதுசு பல்லில் கொஞ்சம் மெத்தென்று பட்டுப் பிறகு உடையும். கடைக்காரர் என்னைப் பார்க்கிற பார்வையை எழுத முடியாது.

9 மார்ச்

சிவராத்திரிக்கு விழித்திருந்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

சோறு ஏன் வெள்ளையாக வராமல் மஞ்சள் அடிக்கிறது என்று கோண்டாவில் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். கொழும்பில் சமைத்தால் வெள்ளையாம், இங்கே சமைத்தால் மஞ்சளாம். அரிசியைக் குறை சொல்லாதீர்கள் அக்கா, கிணற்றைப் பாருங்கள். யாழ்ப்பாணம் முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான். தண்ணீரில் காரத்தன்மை கூடினால் அரிசியில் உள்ள நிறமற்ற சாமான் சிலது மஞ்சளாக மாறும். கொதிக்கிற உலையில் அரைத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், சோறு வெளுத்துவிடும், புளிக்காது. நான் செய்துதான் சொல்கிறேன். கூட விட்டால் புளிக்கும், அதையும் செய்திருக்கிறேன்.

16 மார்ச்

கழுவுவது பற்றி இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லை, அதிசயம். மூன்று தண்ணீர். முதல் தண்ணீர் பால் மாதிரி வரும், மூன்றாவதில் கை தெரியவேண்டும். மில்லில் மணிகள் ஒன்றோடொன்று உரசின மாத்தூள் அது, விட்டால் பசையாகும். கையால் கசக்காதீர்கள், அலசினால் போதும்.

கழுவுவது என்று எழுதினதும் அரிக்கன் சட்டி ஞாபகம் வந்துவிட்டது. உள்பக்கம் வரி வரியாகக் கீறின மண்சட்டி. தண்ணீரோடு அரிசியைச் சுழற்றிச் சுழற்றி அடுத்த சட்டிக்குச் சரிக்க, கல்லு அந்த வரிகளில் தங்கிவிடும். அம்மம்மாவின் கை அதில் ஆடுகிற ஆட்டம் ஒரு தனி ஆட்டம், தோள் அசையாது, மணிக்கட்டு மட்டும். நான் அரித்தால் கல்லும் அரிசியும் சேர்ந்தே போகும். இப்போது கடை அரிசியில் கல்லு இல்லை, சட்டி மாமரத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறது, கோழி அதன் மேல் ஏறி நிற்கும்.

அம்மம்மா காய்ச்சினது எதில்? 1990 இல் சண்டையோடு கறண்ட் போனது, மண்ணெண்ணெய் தங்கம், ஜாம் போத்தல் விளக்கில் அரை விரல் திரிக்கே கணக்குப் பார்த்த காலம். அடுப்புக்கு மண்ணெண்ணெய் என்ற கதையே இல்லை. பனை மட்டை, கங்குமட்டை, பொச்சு. பனை மட்டை திடீரென்று எரிந்து திடீரென்று படுக்கும், அதில் "சின்ன நெருப்பு" வைக்க முடியாது, ஆகவே எல்லாரும் வடித்தார்கள், வடித்துவிட்டுப் பானையைத் தணலில் இருத்துவார்கள். நான் மூன்று நிமிடம் என்று எழுதினது அந்தத் தணலுக்குப் பதிலாகத்தான்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால் மழையில் நடந்து, சாவகச்சேரியில் ஒரு விறாந்தைக்கு முன்னால் மூன்று கல்லு வைத்துக் காய்ச்சின சோற்றை நினைக்கிறேன். விறகு ஈரம், தண்ணீர் யாரோ தந்த அரை வாளி. வெளியே களி, உள்ளே பச்சை. எத்தனை புள்ளி என்று யாரும் நசுக்கிப் பார்க்கவில்லை.

17 மார்ச்

நேற்று வேறெங்கோ போய்விட்டேன். திரும்பி அரிசிக்கு.

ஊறவைத்தல்: அரை மணித்தியாலம். 2022 இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற மாதங்களில் கண்டுபிடித்தது, இல்லை, அம்மா சொன்னதை அப்போதுதான் காதில் வாங்கினது. 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாயை நெருங்கின நேரம், ஒவ்வொரு நிமிடமும் காசு. ஊறின அரிசி ஐந்தாறு நிமிடம் முந்தி வேகிறது, நடுவும் வெளியும் சேர்ந்து வேகிறது. வற்றினதும் நெருப்பை நிறுத்திவிட்டு மூடியின் மேல் மடித்த துணி ஒன்றைப் போட்டுப் பதினைந்து நிமிடம் விடுங்கள், காஸ் மிச்சம், சோறும் நல்லம். அந்த நேரத்தில் மேலே உள்ள ஈரமும் கீழே உள்ள ஈரமும் சமப்படும். பொறுக்காமல் திறந்து கிளறினால் மேல் மணி உடையும், அடி மணி ஈரமாக ஒட்டும்.

ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் அளக்கவேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் ஒருவர் இரண்டையும் சேர்த்து வைத்துக் கஞ்சி குடித்ததாக எழுதியிருக்கிறார். மன்னிக்கவும்.

24 மார்ச்

"றைஸ் குக்கர் ஒன்று வாங்குங்களன் அண்ணை, ஏன் இவ்வளவு பாடு?"

இருக்கிறது தம்பி. கனடாவில் இருந்து வந்த தங்கச்சி கொண்டு வந்தது, அலுமாரிக்கு மேல் இருக்கிறது, அதற்குள் அம்மா பழைய சீட்டுகள் வைத்திருக்கிறார்.

பகிடிக்குச் சொல்லவில்லை, அந்தப் பெட்டியின் மூளை எனக்குப் பிடிக்கும். தானாக நிற்கிற மின் குக்கரை 1955 இல் ஜப்பானில் தொஷிபா விற்கத் தொடங்கியது. பானைக்குள் தண்ணீர் இருக்கும் வரைக்கும் அடி 100 பாகையைத் தாண்டாது, தண்ணீர் முடிந்ததும் சூடு சட்டென்று ஏறும், ஏறினதும் ஆளி விழும். அதற்கு நிமிடம் தெரியாது, தண்ணீர் முடிந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

இதையேதான் பெரியம்மா காதால் செய்வார். மூடின பானை முதலில் குளுகுளுவென்று பேசும், பிறகு சத்தம் தடித்து மெதுவாகும், கடைசியில் மெல்லிசாக ஒரு சடசடப்பு, கடுகு தாளிக்கத் தொடங்குகிற மாதிரி, ஆனால் தூரத்தில். அந்தச் சடசடப்புத் தொடங்கினால் இன்னும் அரை நிமிடம் இருக்கிறது. அதற்குள் அணைக்கவேண்டும். அவர் விறாந்தையில் இருந்து பூக்கட்டிக்கொண்டே, "பிள்ளை, அடுப்பை நூர்" என்பார். மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கத்தை விடுங்கள், காதை வையுங்கள்.

31 மார்ச்

இந்த முறை தொண்டைமானாற்றில் சந்நிதி முருகனிடம் போனேன். அன்னதானக் கந்தன் என்று பேர், மடங்களில் சோறு ஓயாது. ஒரு மடத்தில் கிடாரம் இறக்குகிற நேரம் போய் நின்றுவிட்டேன், கும்பிட வந்ததை மறந்து.

அங்கே யார் சுண்டு அளப்பது? கிடாரம் நிறைய உலை, நெஞ்சளவு நீளமான துடுப்பு. ஒருவர் துடுப்பு நுனியில் வந்த சோற்றை எடுத்து நசுக்கிவிட்டுத் தலையை ஆட்ட, இரண்டு பேர் அள்ளி அள்ளிப் பெரிய பனையோலைக் கடகங்களில் கொட்டினார்கள். கஞ்சி ஓலை இடுக்கால் ஓடியது. நான் கவனித்தது என்னவென்றால், அவர்கள் இறக்கினது நான் இறக்குவதற்கு முந்தி, மணிக்குள் இரண்டு புள்ளி நிற்கும்போதே. ஏனென்று கேட்டேன். "இவ்வளவு சோறு தன்ரை சூட்டிலையே அவியும் ஐயா" என்றார் துடுப்புக்காரர்.

ஆகவே 19 ஆம் திகதி எழுதின ஊசிமுனைக் கதைக்கு ஒரு வால்: ஒரு சுண்டு சோற்றுக்கு ஒரு புள்ளி, நாலு சுண்டென்றால் சற்று முந்துங்கள், கொத்துக்கணக்கில் என்றால் நன்றாக முந்துங்கள். கூடின சோறு கெதியாக ஆறாது. தம்பியின் களிக்கு இது மூன்றாவது காரணமாக இருக்கலாம். இன்னும் எத்தனை காரணம் வருமோ தெரியாது, ஒரு வெள்ளிக்கிழமைச் சோறு.

6 ஏப்ரல்

ஒருவர் நேரடியாகக் கேட்டார், உங்கள் வீட்டில் நெடுகவும் வெள்ளைச் சோறா என்று. இல்லை. குத்தரிசி. சிவப்பு, தடிப்பு, முக்கால் மணித்தியாலம் எடுக்கும், மீன் குழம்புக்கு வேறு எதுவும் ஒத்துவராது. வெள்ளை வெள்ளிக்கிழமைக்கும் விரதத்துக்கும் விருந்தாளிக்கும். அதனால்தான் இவ்வளவு பதற்றம், நாளாந்தம் செய்கிறதில் பிழைத்தால் வீட்டுக்குள் முடிந்துவிடும், வெள்ளைச் சோறு பிழைப்பது ஆட்கள் முன்னால்.

அரிசிக்கு அரிசி ஏன் வேறு என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: மாப்பொருளில் இரண்டு வகை, அமைலோஸ், அமைலோபெக்ரின். முதலாவது கூடின அரிசி உதிரும், இரண்டாவது கூடினது ஒட்டும். பாஸ்மதியில் முதலாவது கூட. என்னைக் கேட்டால் பாஸ்மதி உதிர்வது கெட்டித்தனம் இல்லை, அது பிறவி. கீரிச்சம்பாவை உதிர வைத்துக் காட்டுங்கள், கதைப்போம்.

14 ஏப்ரல்

வருடப்பிறப்புக்கு ஒன்பது பேர். பழைய சம்பா நாலு சுண்டு, அரை மணித்தியாலம் ஊறினது, ஆறரைச் சுண்டு தண்ணீர், உலையில் தேசிக்காய்ப் புளி அரைக் கரண்டி, சடசடப்புக் கேட்டதும் நூர்த்து, துணி போட்டுப் பதினைந்து நிமிடம். திறந்தபோது மேல் மணிகள் எழுந்து நின்றன. வாழையிலையில் கொட்டினால் பொலபொலவென்று பரவியது. மருமகள் போன் எடுத்துப் படம் பிடித்தாள். (தராசுக் கதை இப்போது அவளுக்குத் தெரியும்.) வெள்ளவத்தைத் தம்பிக்குப் படத்தை அனுப்பினேன், அவர் தன்னுடையதை அனுப்பினார். அவருடையதும் குறை சொல்ல முடியாது, ஆனால் வடிதட்டு ஓரத்தில் தெரிந்தது.

பின்னேரம் பேரப்பிள்ளைகள் அம்மாவைச் சுற்றி இருந்தார்கள். மிச்சச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், மாங்காய்ச் சம்பல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் குழைத்து, உருட்டி, பூவரசம் இலையில் ஒவ்வொருவருக்கும் வைப்பதென்றால் அம்மாவுக்கு வருடப்பிறப்பே அதுதான். குழைத்தார். உருட்டினார். கையில் நிற்கவில்லை. திரும்ப அழுத்தி உருட்டினார், சின்னவளின் இலையில் வைக்கும் முன்னமே உடைந்து சட்டைக்குள் கொட்டியது. கொஞ்சம் சொதி விட்டுப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை.

சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு சுண்டு தண்ணி கூட விடு."